அத்தியாயம் 7: ஏலத்தில் எடுத்த பொருளில் குறை – எங்கே, எப்போது, எப்படிக் கேட்பது

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருட்டாலை மூடப்பட்டால், அதன் மோட்டார்களும் கியர் பாக்ஸ்களும் கொஞ்ச காலத்தில் ஏதாவது ஓர் இணைய ஏலத்தில் வந்து நிற்கும். காக்களூர் சிட்கோவில் பட்டறை வைத்திருப்பவர் செல்போனிலேயே ஏலம் கேட்டு, செல்போனிலேயே பணம் கட்டி, லாரியை அனுப்புகிறார். புதுசு வாங்க வழியில்லாத சிறு பட்டறைகளுக்கு இது நல்ல வழிதான். ஆனால் படத்தில் இருந்த பேனல் போர்டு வந்து சேராதபோது, எடை ரசீதும் இறக்கிய சரக்கும் ஒத்துப்போகாதபோது, பணம் கட்டிய கணக்கே போலி என்று தெரியும்போது எங்கே போவது என்று பலருக்கும் தெரிவதில்லை. இந்த அத்தியாயம் அதற்காக.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். ஏலச் சரக்கில் வழக்கின் பாதி, லாரி கேட்டைத் தாண்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதனால் சட்டத்தைவிட கேட்டில் நடப்பதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

1. விற்றவர் யார் என்று பாருங்கள்

இணையதளத்தின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். தளம் வேறு, விற்பவர் வேறு. ஏல அறிவிப்பின் முதல் பக்கத்தில் 'விற்பனையாளர்' என்று யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உங்கள் எதிர்த்தரப்பு. பெரும்பாலும் இந்த ஐவரில் ஒருவராக இருப்பார்:

1. அரசுத் துறை அல்லது பொதுத்துறை நிறுவனம். இவை எம்எஸ்டிசி வழியாகவோ, ஜெம் தளத்தின் ஏலப் பகுதி வழியாகவோ விற்கும். 1964இல் தொடங்கிய எம்எஸ்டிசி மத்திய அரசின் நிறுவனம். சென்னையில் அதற்கு அலுவலகம் உண்டு.
2. வங்கி. கடன் கட்டாத ஆலையை 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி எடுத்து விற்கும்.
3. லிக்விடேட்டர். 2016 திவால் சட்டத்தின் கீழ் கலைக்கப்படும் கம்பெனியின் சொத்தை விற்பவர்.
4. ஓடிக்கொண்டிருக்கும் தனியார் ஆலை. பழைய மெஷின், கழிவு இரும்பு ஆகியவற்றைத் தனியார் ஏலத் தளத்தில் போடும்.
5. தனி ஆள் அல்லது புரோக்கர். வாட்ஸ்அப் குழுவில் 'இன்று மாலை ஆறு மணி வரை கேட்கலாம்' என்று நடக்கும் ஏலம் இந்த வகை.

கடைசி வகையில்தான் ஏமாற்று அதிகம். ஒரு காலத்தில் இந்தியாவில் பொதுமக்களுக்கான ஏலத் தளமாக பாஸி இருந்தது; 2004இல் அதை ஈபே வாங்கியது. அங்கே பைசாபே என்றொரு ஏற்பாடு உண்டு: பொருள் கைக்கு வரும்வரை பணத்தைத் தளமே பிடித்து வைத்திருக்கும். 2018 ஆகஸ்டில் ஈபே இந்தியா மூடப்பட்டது. இன்று வாட்ஸ்அப் ஏலத்தில் கேட்பவருக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. நேராக எதிராளியின் கணக்குக்குத்தான் பணம் போகிறது.

2. 'உள்ளது உள்ளபடி' எதுவரை செல்லும்?

முதல் நான்கு வகை ஏலங்களிலும் 'உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில், உள்ள நிலையில்' என்ற வரி இருக்கும். மெஷின் துருப்பிடித்திருக்கிறது, மோட்டார் எரிந்திருக்கிறது, பெட் தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அந்த வரிக்குள் அடங்கிவிடும். அவற்றுக்காக அலைவது வீண்.

அடங்காதவையும் உண்டு. லாட் எண் 14 என்று விற்றுவிட்டு வேறு மெஷினைத் தள்ளிவிடுவது, பார்வையிட்ட நாளில் இருந்த பாகத்தை நடுவில் கழற்றி எடுப்பது, கிலோ கணக்கில் விற்றுவிட்டு எடையில் குறைப்பது, தனக்கு உரிமையில்லாததை விற்பது. இவை பொருளின் நிலையைப் பற்றிய குறைகள் அல்ல. ஒப்புக்கொண்ட பொருளே வரவில்லை என்பதுதான் இங்கே புகார். உங்கள் கடிதத்தையும் அந்த வழியிலேயே எழுத வேண்டும்.

இன்னொன்று: விலையை ஏற்றுவதற்காக விற்பவரே ஆள் வைத்துக் கேட்பது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 64, இப்படி ஏற்றப்பட்ட ஏலத்தை ரத்து செய்யும் உரிமையை வாங்கியவருக்குத் தருகிறது. ஒரே அடையாள எண் லாட்டுக்கு லாட் உங்கள் மேலேயே ஏற்றிக் கேட்டு, எதையும் எடுக்காமல் விலகுகிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் ஏலம் முடிந்த அன்றே ஏலக் கேள்விப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள்.

3. பார்வையிடும் நாளைத் தவறவிடாதீர்கள்

'படம் தெளிவாகத்தானே இருக்கிறது' என்று போகாமல் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் பிறகு புகார் கொடுக்க வருகிறார்கள். மூடிய ஆலையில் மின் இணைப்பு இருக்காது. மெஷினை ஓட்டிப் பார்க்க முடியாது. ஆனாலும் கையால் பார்க்கவேண்டியது நிறைய உண்டு. ஒரு லேத்தை எடுத்துக்கொள்வோம்.

1. பெயர்த் தகட்டையும் வரிசை எண்ணையும் கிட்டத்தில் படமெடுங்கள். தகடு இல்லையென்றால், தகடு இருந்த இடத்தின் ஆணி ஓட்டைகளையாவது எடுங்கள்.
2. பெட் சக்குக்குப் பக்கத்தில்தான் அதிகம் தேயும். கேரேஜைச் சக்கின் அருகே கொண்டுவந்து, லேசாகப் பிடிக்கும் அளவுக்கு லாக்கை இறுக்குங்கள். பிறகு டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளுங்கள். போகப்போக இறுகினால் பெட் தேய்ந்துவிட்டது என்று பொருள்.
3. சக்கைக் கையால் சுற்றுங்கள். ஒரு கட்டையைக் கொடுத்துச் சக்கை நெம்பிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் செலவு இருக்கிறது.
4. மோட்டாரின் இணைப்புப் பெட்டியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். கருகிய வார்னிஷ் வாசனை தப்பாது.
5. பேனல் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் கான்டாக்டர், ரிலே, செம்புப் பட்டை ஒவ்வொன்றையும் எண்ணிப் படமெடுங்கள். வீடியோவாக எடுத்தால் இன்னும் நல்லது. லாட் எண் ஒட்டிய தாளில் தொடங்கி, கேமராவை நிறுத்தாமல் பேனல் வரை வாருங்கள்.

ஐந்தாவது வேலைக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். பார்வையிடும் நாளுக்கும் சரக்கெடுக்கும் நாளுக்கும் நடுவே காணாமல் போவது பெரும்பாலும் செம்புதான்.

நிலமும் ஷெட்டும் சேர்த்து வங்கி ஏலத்தில் எடுக்கிறீர்கள் என்றால் இரண்டு கேள்விகள் கூடுதல். ஒன்று, மின்கட்டண பாக்கி. பழைய முதலாளியின் பாக்கியைக் கட்டினால்தான் புது இணைப்பு என்று மின்வாரியம் விதிகளின்படி கேட்கலாம் என்று 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் சொல்லிவிட்டது. சர்வீஸ் எண்ணை எடுத்துக்கொண்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விசாரியுங்கள். இரண்டு, சிப்காட் மனை என்றால் அது பொதுவாக 99 ஆண்டுக் குத்தகை. பெயர் மாற்றத்துக்கு சிப்காட்டின் சம்மதமும் கட்டணமும் வேண்டும். பழைய பாக்கி உண்டா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

4. கேட்டில் நிற்கும் நேரம்

பணம் கட்டி டெலிவரி ஆர்டர் வாங்கியாகிவிட்டது. ஹைட்ராவும் லாரியும் வந்து நிற்கின்றன. வாடகை ஓடுகிறது, டிரைவர் அவசரப்படுத்துகிறார், ஸ்டோர்ஸ்காரர் சாப்பாட்டுக்குப் போக வேண்டும் என்கிறார். குறைகள் மறைவது இந்த அவசரத்தில்தான். வரிசையாக இப்படிச் செய்யுங்கள்:

1. ஏற்றுவதற்கு முன், பார்வையிட்ட நாளில் எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஏற்றிய பிறகு பார்க்கலாம் என்றால் அடியில் இருப்பது தெரியாது.
2. வரிசை எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரே மாதிரி நாலு மோட்டார் கிடக்கும் ஷெட்டில் இது முக்கியம்.
3. எடைக்கு எடுக்கும் சரக்கானால் காலி லாரியை எடைபோடும்போதே நீங்கள் எடைமேடையில் இருக்க வேண்டும்.
4. எடைமேடையில் சட்டமுறை எடையளவுத் துறையின் சரிபார்ப்புச் சான்றிதழ் மாட்டியிருக்கும். அதன் தேதியைப் படமெடுங்கள்.
5. ஏற்றி முடித்த லாரியை, முடிந்தால் வெளியே இன்னொரு மேடையிலும் போடுங்கள். ஜிஎன்டி சாலையில் எடைமேடைக்குப் பஞ்சமில்லை.
6. குறை இருந்தால் கேட் பாஸிலும் டெலிவரி சலானிலும் கையால் எழுதி, தேதியும் நேரமும் போட்டு, இரு பிரதியிலும் கையெழுத்திடுங்கள்.

மூன்றாவது படியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நீங்கள் காசு கொடுப்பது, நிறைந்த லாரியின் எடையிலிருந்து காலி லாரியின் எடையைக் கழித்தது போக மீதிக்கு. ஆகவே காலி எடை குறைந்தாலும் நிறை எடை கூடினாலும் நஷ்டம் உங்களுக்கே. காலியாகப் போடும்போது டிரைவரும் கிளீனரும் கீழே நிற்கிறார்கள், டேங்கில் டீசல் குறைவு. திரும்பி வரும்போது இருவரும் மேலே உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் 150 லிட்டர் டீசலும் போட்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 830 கிராம். டீசல் 125 கிலோ, ஆட்கள் இருவர் 140 கிலோ: மொத்தம் 265 கிலோ. கிலோ 35 ரூபாய் என்றால், ஒரே நடையில் 9,275 ரூபாய்க்கு நீங்கள் டீசலையும் கிளீனரையும் இரும்பு விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். யாரும் திட்டமிட்டு ஏமாற்ற வேண்டும் என்பதுகூட இல்லை; நீங்கள் அங்கே இல்லாவிட்டால் தானாகவே நடக்கும். தார்ப்பாய், ஸ்டெப்னி, கடப்பாரை எல்லாம் இரண்டு எடையிலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

மண்ணும் கசடும் கலந்த இரும்பு வேறு தலைவலி. மழைக்குப் பிறகு வெட்டவெளிக் குவியலை எடுத்தால் தண்ணீருக்கும் காசு. எடுக்கும் கெடுவுக்குள் வெயில் நாள் கிடைக்குமானால் காத்திருங்கள்.

*பாகம் குறைந்தால் எடுப்பதா, விடுவதா?*

கெடு தாண்டினால் தரைவாடகை ஏறும். அதற்குப் பயந்து பலரும் 'எடுத்துக்கொண்டு பிறகு பேசலாம்' என்று லாரியைக் கிளப்பிவிடுகிறார்கள். அரசு, பொதுத்துறை லாட்டுகளில் இது பெரும் தவறு என்பது என் கணிப்பு. அவர்களுடைய நிபந்தனைகளில் சரக்கு வெளியே போன பிறகு எந்தப் புகாரும் ஏற்கப்படாது என்ற வரி வழக்கமாக இருக்கும். ஒரு நாள் லாரி ஹால்டிங் போனால் போகட்டும். அங்கிருந்தபடியே மின்னஞ்சல் அனுப்புங்கள்: இன்ன பாகம் இல்லை, கூட்டாய்வு வேண்டும், அதுவரை எடுக்கும் கெடுவை நீட்டித்துத் தரைவாடகையைத் தள்ளுபடி செய்ய வேண்டும். தனியார் ஆலையானால், சலானில் 'எதிர்ப்புடன் எடுக்கிறேன்' என்று எழுதிவிட்டு எடுக்கலாம்; பேசித் தீர்க்க வழி உண்டு.

*கேட்டுக்கு வெளியே தொல்லை வந்தால்*

ஸ்க்ராப் எடுப்பதில் உள்ளூர் ஆட்கள் குறுக்கே நின்று காசு கேட்பதும், வியாபாரிகள் சிண்டிகேட் போட்டுப் புதிதாக வருபவரை விரட்டப் பார்ப்பதும் தொழிற்பேட்டைகளில் புதிதல்ல. அங்கே நின்று வாக்குவாதம் செய்யாதீர்கள். காசும் கொடுக்காதீர்கள், ஒருமுறை கொடுத்தால் ஒவ்வொரு லோடுக்கும் கேட்பார்கள். லாரியைக் கேட்டுக்கு உள்ளேயே நிறுத்தச் சொல்லுங்கள். 112ஐ அழையுங்கள். கும்மிடிப்பூண்டியில் சிப்காட்டுக்கென்றே காவல் நிலையம் இருக்கிறது. எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். தடையின்றிச் சரக்கெடுக்க வழி செய்யுமாறு விற்பவருக்கும் அன்றே எழுதுங்கள். தாமதத்துக்கு நீங்கள் காரணமல்ல என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சி.

*குறிப்பு:* சரக்கு எல்லை தாண்டி தடாவிலோ ஸ்ரீசிட்டியிலோ இருந்தால் அது ஆந்திரம். மாநிலம் விட்டு மாநிலம் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் வரை விலக்கு இருப்பதால் பழக்கதோஷத்தில் மறந்துவிடுகிறார்கள்.

5. இறக்கிய பிறகு: முதல் இரண்டு நாள்

லாரியைப் பட்டறையில் பிரிப்பதையும் வீடியோ எடுங்கள். குறை தெரிந்தால் மெஷினில் கைவைக்காதீர்கள். பழுதுபார்த்து ஓட்டத் தொடங்கினாலோ, நியாயமான காலத்துக்கு மேல் சொல்லாமல் வைத்திருந்தாலோ சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். வெளி மெக்கானிக் ஒருவரை அழைத்து, அவருடைய லெட்டர்ஹெட்டில் என்ன இல்லை, போட என்ன செலவாகும் என்று எழுதி வாங்குங்கள்.

பிறகு கடிதம். போனில் திட்டுவதும் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவதும் புகார் ஆகாது. மின்னஞ்சலிலும் விரைவுத் தபாலிலும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். நீளம் ஒரு பக்கம் போதும்:

> பொருள்: ஏல எண் ___, லாட் எண் ___, நாள் ___.
>
> ஐயா, மேற்படி லாட்டுக்காக ரூ. ___ முழுவதும் செலுத்தி, ___ அன்று சரக்கெடுத்தேன். ஏலப் பட்டியலில் 'பேனல் போர்டுடன் கூடிய லேத், வரிசை எண் ___' என்று உள்ளது. ___ அன்று பார்வையிட்டபோது பேனல் இருந்தது (படம் 1, 2). சரக்கெடுத்த நாளில் அது இல்லை. கேட் பாஸில் குறித்துள்ளேன் (நகல் 3). அதை ஈடுசெய்ய ரூ. ___ ஆகும் (மெக்கானிக் மதிப்பீடு, நகல் 4).
>
> பேனலை ஒப்படைக்கவோ, மேற்படி தொகையைத் திருப்பித் தரவோ கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் தேவை.

கோரிக்கை ஒன்றே இருக்கட்டும். மன உளைச்சல், வியாபார நஷ்டம், குடும்பக் கஷ்டம் எல்லாவற்றையும் முதல் கடிதத்திலேயே கொட்டினால், எதிர்ப்பக்கம் அதில் பலவீனமானதைப் பிடித்துக்கொண்டு பதில் எழுதும். படங்கள் எடுத்த செல்போனை விற்றுவிடாதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், பிரிவு 63இன்படி சான்றிதழ் வைக்க வேண்டியிருக்கும், மூலக் கருவி கையில் இருப்பது நல்லது.

6. பிரிக்குமுன் ஆபத்தைப் பாருங்கள்

2010இல் தில்லி பல்கலைக்கழகம் பயன்படாமல் கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்றை ஏலத்தில் விட்டது. மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தவர்களுக்கு உள்ளே கோபால்ட்-60 இருப்பது தெரியாது. பலர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். விற்றது பெரிய நிறுவனம் என்பது எந்த வகையிலும் பாதுகாப்பாகாது.

- மஞ்சளில் மூன்று இதழ் போன்ற கதிர்வீச்சுக் குறியோ, ஈயத்தால் மூடிய கனத்த உருளையோ கண்டால் தொடாமல் விலகி, ஆட்களை வெளியேற்றி, 112க்குச் சொல்லுங்கள்.
- மூடிய டேங்க், பீப்பாய், சிலிண்டர் எதையும் கேஸ் கட்டர் வைத்து வெட்டக் கூடாது. காலியாகத் தெரியும் பீப்பாயில் இருக்கும் ஆவிதான் வெடிக்கிறது.
- பழைய பேனலின் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். எலக்ட்ரீஷியன் அதை இறக்கும்வரை கை வைக்காதீர்கள்.
- பழைய பேட்டரி, கழிவு ஆயில், மின்னணுக் கழிவு லாட்டுகளை எடுக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் கேட்பார்கள். அது இல்லாமல் கேட்டு ஜெயித்தால் சரக்கும் வராது, முன்வைப்புத் தொகையும் போகும்.

7. பதில் வராவிட்டால் எந்தக் கதவு?

*அரசு, பொதுத்துறை.* ஏல அறிவிப்பில் பெயருள்ள அதிகாரி, அவருக்கு மேல் விற்ற நிறுவனத்தின் மண்டல அலுவலகம் என்று படிப்படியாகப் போங்கள். நிபந்தனைகளில் நடுவர் தீர்ப்பாயப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வழியாகத்தான் போக வேண்டியிருக்கும். என் அனுபவத்தில் இங்கே அதிகம் உதவும் கருவி தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணத்தில், உங்கள் லாட்டின் எடைப்பதிவு, பொருள் பட்டியல், கேட் பதிவேட்டின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். நகல் கேட்ட பிறகு கோப்பு நகரத் தொடங்குவது பல இடங்களில் வழக்கம். நுகர்வோர் ஆணையத்தை நம்பி இந்த வகையில் காலத்தைக் கழிக்காதீர்கள். பொது ஏலத்தில் மனை எடுத்தவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2009இலேயே சண்டிகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

*வங்கி.* குறை கண்டால் மீதிப் பணத்தை நிறுத்தி வைத்து மிரட்டலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. வேண்டாம். நிலம், கட்டட ஏலத்தில் 25 சதவீதம் உடனே, மீதி 75 சதவீதம் உறுதி செய்த 15 நாளில் அல்லது எழுத்தில் நீட்டித்த கெடுவுக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் 25 சதவீதமும் பறிபோகும். சென்னையிலிருந்து போன சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா வழக்கில், மறு ஏலத்தில் வங்கிக்கு அதிக விலையே கிடைத்திருந்தும், முழு 25 சதவீதத்தையும் பறிமுதல் செய்தது செல்லும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணத்தை எதிர்ப்புக் கடிதத்துடன் கட்டிவிட்டு, கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகுங்கள். 45 நாள்தான் கெடு, அதனால் வக்கீலை முதல் வாரத்திலேயே பாருங்கள். லிக்விடேட்டர் விற்றதென்றால் சென்னையில் உள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்.

*தனியார்.* முதலில் தளத்தின் குறைதீர்க்கும் அலுவலர். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915லும் பதிவு செய்யுங்கள், செலவில்லை. அடுத்தது திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரில் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வியாபார நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கினால் அந்த விலக்கு பொருந்தாது. நீங்களே லேத்தில் நின்று வேலை செய்பவரானால், 'என் பிழைப்புக்காக, சுயதொழிலில் பயன்படுத்த வாங்கினேன்' என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். வாங்கி விற்கும் ஸ்க்ராப் வியாபாரிக்கு இந்தக் கதவு திறக்காது. அவருக்கு சிவில் வழக்குதான். மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வணிக வழக்கானால், அவசரத் தடை கேட்காதவரை, முதலில் சமரச மையத்துக்குப் போயாக வேண்டும்.

*அடிக்கடி நடக்கும் தவறு:* 'எம்எஸ்எம்இ சமாதானில் போடு' என்று யாராவது சொல்வார்கள். அது சரக்கு கொடுத்துவிட்டுப் பணம் வராத சிறு தொழில்காரருக்கானது. வாங்கியவருக்கு அங்கே வேலையில்லை.

8. பொருளே இல்லாத ஏலம்

'சிப்காட் கம்பெனி இரும்பு, கிலோ பாதி விலை, டோக்கன் மட்டும் அனுப்புங்கள்.' இப்படி ஒன்று வந்தால் ஜிஎஸ்டி எண்ணை வாங்கி, ஜிஎஸ்டி தளத்தில் பாருங்கள். கணக்கின் பெயர் கம்பெனி பெயராக இல்லாமல் தனி ஆள் பெயராக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இதைவிட எளிய வழியும் உண்டு. நீங்கள் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறீர்கள்; கும்மிடிப்பூண்டிக்கு ரயில் ஏறுங்கள், கேட்டில் வாட்ச்மேனிடம் கேளுங்கள்: "அண்ணே, உள்ள லேத்து ஏலம் விடுறாங்களாமே, யாரைப் பார்க்கணும்?" அவர் 'அப்படி ஒண்ணும் இல்லையே' என்றால் விஷயம் முடிந்தது.

பணம் போய்விட்டதா? மணிக்கணக்கு முக்கியம்:

1. உடனே 1930ஐ அழையுங்கள். அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். பரிவர்த்தனை எண், தொகை, நேரம், எதிராளியின் கணக்கு அல்லது யுபிஐ முகவரி தயாராக இருக்கட்டும்.
2. அதே நேரத்தில் உங்கள் வங்கிக்கும் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள்.
3. உரையாடலை அழிக்காதீர்கள், எதிராளியை பிளாக் செய்யாதீர்கள். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.
4. காவல் நிலையத்தில் 'இது எங்கள் எல்லை இல்லை' என்றால், எல்லை பாராமல் முதல் தகவல் அறிக்கை பதியச் சட்டத்தில் இடம் உண்டு என்று பணிவாகச் சொல்லுங்கள். 2022இல் ஆவடி ஆணையரகம் வந்த பிறகு மாவட்டத்தின் ஒரு பகுதி அங்கே போய்விட்டதால் இந்தக் குழப்பம் இங்கே சகஜம்.
5. 'பணத்தை மீட்டுத் தருகிறேன்' என்று அடுத்து ஒருவர் அழைப்பார். அவரும் அதே கூட்டம்தான். பணம் வருவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை.

9. சமரசத்துக்கு வந்தால்

பாதிக்கு மேல் தகராறுகள் ஏதோ ஒரு தொகையில் முடியும், முடிவதும் நல்லதுதான். 'முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளைப் பணம் கணக்கில் ஏறிய பிறகே கையெழுத்திடுங்கள். காசோலை என்றால், 'காசோலை பணமானதும் செல்லும்' என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். எந்த லாட் எண்ணுக்கான சமரசம் என்று குறிப்பிடச் சொல்லுங்கள். ஒரே ஏலத்தில் மூன்று லாட் எடுத்தவர்கள் ஒரு லாட்டுக்குக் கையெழுத்துப் போட்டு மூன்றையும் விட்டுக்கொடுப்பதுண்டு.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவரானால், திரும்பி வரும் தொகைக்கு விற்பவரிடம் கிரெடிட் நோட் கேளுங்கள். அந்த அளவுக்கு நீங்கள் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் காட்ட வேண்டும். பணத்தை ரொக்கமாகக் கொடுத்து, கிரெடிட் நோட் வேண்டாம் என்று சொல்லும் விற்பனையாளரிடம் வங்கி வழியாகவே அனுப்பச் சொல்லுங்கள். கடிதங்கள், கேட் பாஸ், எடை ரசீது, சமரசத் தாள் எல்லாவற்றையும் அந்த ஆண்டின் ஜிஎஸ்டி கோப்போடு சேர்த்துக் கட்டிவையுங்கள்; தணிக்கைக்கு வருபவர் முதலில் கேட்பது கிரெடிட் நோட்டைத்தான்.